திரைக்கு இந்தப் பக்கம் யார்?

குமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் தலைவலிக்கு வைத்தியம் வெகுகாலமாக மூன்று இடங்களில் கிடைத்துவந்தது. பகவதியம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் பக்கத்து ஊர் வர்ம ஆசானிடம் போய்த் தலையைக் கொடுக்கலாம். அதற்கும் மசியாத வலி என்றால் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி. லண்டன் மிஷன் 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய இடம், எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் பிற்பாடு வருடக்கணக்கில் அறுவை செய்த இடம். மூன்றும் இன்றைக்கும் இருக்கின்றன. ஆனால் மூன்றுக்கும் முன்னால் இப்போது இன்னொரு வாசல் வந்துவிட்டது. ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் தேடிவிடலாம்.

தேடினால் என்ன வரும் என்பதை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரைன் வைட்டும் எரிக் ஹார்விட்ஸும் 2008லேயே அளந்து பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமும் தலைவலிதான். காப்பி குடிப்பதை நிறுத்தியதால் வரும் வலியும் மூளைக் கட்டியால் வரும் வலியும் தேடல் முடிவுகளில் ஏறத்தாழ ஒரே அளவில் வந்து நின்றன. நிஜ வாழ்க்கையில் மூளைக் கட்டி வருடத்துக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். காலையில் சாயா குடிக்காமல் மண்டை இடிப்பவர்களோ தெருவுக்குப் பத்துப் பேர். மருத்துவர் தம் அனுபவத்தால் எது அபூர்வம், எது சாதாரணம் என்று எடை போடுகிறார். தேடுபொறிக்கு எது அதிகம் படிக்கப்படுகிறது என்பதுதான் எடை. பயமுறுத்தும் பக்கத்தைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள்.

இணையம் மருத்துவத்துக்கு நன்மையா தீமையா என்பது பட்டிமன்றத் தலைப்பு. நடுவர் எப்படியும் இரண்டு பக்கத்தையும் பாராட்டித்தான் முடிப்பார். கால் நூற்றாண்டாகத் தமிழ்நாட்டில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. திரைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு பெரிய டாக்டர் இருக்கிறார் என்பதைவிட, இந்தப் பக்கம் நோயாளியின் அருகில் யார் இருக்கிறார்? பயிற்சி பெற்ற ஒரு கை இருந்த இடங்களில் இணையம் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. நோயாளி தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இடங்களில்தான் பெரும்பாலான கேடுகள் நடந்திருக்கின்றன.

அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களை எடுத்துக்கொள்வோம். 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தியும், கண் கெட்டவர்களில் மிகச் சிறிய பங்கினர்தான் முகாமுக்கே வருகிறார்கள் என்று பிறகு அவர்களே கண்டுகொண்டார்கள். 2004 முதல் சிறிய ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்தார்கள். ஒரு வாடகைக் கட்டடம், இரண்டு மூன்று பெண் பணியாளர்கள், ஒரு ஸ்லிட் லாம்ப், ஒரு கணினி. பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்களில் பள்ளிப்படிப்பு முடித்து, அரவிந்திலேயே இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்கள். வருகிற பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்ணின் அழுத்தத்தையும் பார்வையையும் அளந்து, படம் எடுத்து அனுப்புகிறார்கள். தூரத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் படத்தையும் அளவுகளையும் பார்த்துவிட்டு வீடியோவில் பாட்டியிடம் இரண்டு நிமிடம் பேசுகிறார். கண்ணாடி போதுமானால் மையத்திலேயே கிடைத்துவிடும். அறுவை வேண்டுமானால் எந்த நாள், எந்த பஸ் என்பதுவரை அந்தப் பெண்ணே எடுத்துச் சொல்கிறாள். தொடக்கத்தில் கிராமங்களில் நல்ல இணைப்பு இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தொலைதூர வைஃபை அமைத்துக் கொடுத்தார்கள். இன்று இந்த மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன. அந்த இரண்டு நிமிட வீடியோவைத்தான் பத்திரிகைகள் படம் போட்டன. காரியத்தை நடத்தியது அதற்கு முந்தைய பதினைந்து நிமிடமும் அந்தப் பெண்ணின் கையும்.

இதயத்திலும் இதே கதைதான். மாரடைப்பில் ஒரு வகை, ரத்தக்குழாய் முழுசாக அடைத்துக்கொள்வது. அதில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் குழுவினர் 2012க்கும் 2014க்கும் இடையே தமிழ்நாட்டில் ஒரு சோதனை நடத்தினார்கள். நான்கு பெரிய ஆஸ்பத்திரிகளை நடுவில் வைத்து, சுற்றிலும் இருந்த சிறிய ஆஸ்பத்திரிகளையும் 108 ஆம்புலன்ஸையும் அவற்றோடு இணைத்தார்கள். ஈசிஜியை இருந்த இடத்திலேயே எடுத்து இணையம் வழியாக இதய மருத்துவருக்கு அனுப்பினார்கள். ஆய்வில் 2,420 நோயாளிகள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் முன்பு 17.6 சதவீதம், இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு 14.2 சதவீதம். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். நூறு குடும்பங்களில் மூன்று நான்கு குடும்பங்களில் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அதைப் படிக்க வேண்டும். இங்கேயும் மார்பில் மின்முனைகளைச் சரியான இடத்தில் ஒட்டத் தெரிந்த ஒருவர் வண்டிக்குள் இருந்தார்.

முன்னோடிகளைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடலாம். 2000 மார்ச்சில் ஆந்திராவின் அரகொண்டா கிராமத்தில் அப்போலோவின் தொலைமருத்துவ மையத்தை அமெரிக்க அதிபர் கிளின்டன் தொடங்கிவைத்தார். அடுத்த வருடம் இஸ்ரோ தன் செயற்கைக்கோள்களை இந்த வேலைக்குத் திருப்பியது. செங்கற்பட்டுப் பக்கம் சூணாம்பேட்டைச் சுற்றியுள்ள 42 கிராமங்களில் டாக்டர் வி. மோகன் குழுவினர் செயற்கைக்கோள் இணைப்புள்ள வேனை ஓட்டிச் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் பிடித்தார்கள். நல்ல முயற்சிகள். ஆனால் பெரிய மனிதர் ரிப்பன் வெட்டிய பல மையங்களில் பிறகு திரை மட்டும் மிஞ்சியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கருவிக்குப் பணம் கொடுத்தவர்கள் அதன் முன்னால் உட்காரும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க மறந்துவிட்டார்கள்.

2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவத்துக்கான விதிமுறைகள் வெளியாயின. அதுவரை போனில் மருந்து சொல்வது சட்டப்படி சரியா தவறா என்று யாருக்கும் நிச்சயமில்லை. டாக்டர் தம் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும், இன்னின்ன மருந்துகளை முகம் பார்க்காமல் எழுதக்கூடாது, செயற்கை நுண்ணறிவு நேரடியாக நோயாளிக்கு மருந்து எழுதக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. சில வாரங்களில் மத்திய அரசின் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை வந்தது. முதல் சில மாதங்களில் அதை மிக அதிகமாகப் பயன்படுத்திய மாநிலம் தமிழ்நாடு. இ-சஞ்சீவனியில் மொத்தம் இரண்டு வடிவங்கள். ஒன்றில் நோயாளி வீட்டிலிருந்தே டாக்டரைக் கூப்பிடுகிறார். மற்றொன்றில் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இருப்பவர் நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய டாக்டரைக் கூப்பிடுகிறார். முதலாவது ஊரடங்குக்குப் பொருத்தம். சாதாரண நாட்களில் எனக்கு இரண்டாவது மேல்தான் நம்பிக்கை. வயிற்றுவலிக்காரரின் வயிற்றை யாராவது தொட்டு அமுக்கிப் பார்த்தாக வேண்டும்.

ஆள் இல்லாத இடத்துக்கு வருவோம். 2018 ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம் ஆசிரியை, இரண்டாவது பிரசவம், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளத் தீர்மானித்தார். கணவரும் நண்பர் குடும்பமும் யூடியூப் பார்த்து உதவினார்கள் என்பது அன்றைய செய்தி. குழந்தை பிழைத்தது. தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்கும் மாநிலத்தில், படித்த வீட்டில், எல்லா வசதியும் உள்ள ஊரில் நடந்தது அது. வீடியோ எல்லாவற்றையும் காட்டும். ரத்தம் எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்பதைக் கண்ட கைக்குத்தான் தெரியும்.

அதற்கு முந்தைய வருடம் பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு அது வரும் இது வரும் என்று குரல் பதிவுகள். பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் எழுதிக் கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அரசு கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பொய்யைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. பயந்த அம்மா பயந்த இன்னொரு அம்மாவுக்கு அனுப்புகிறாள். அந்தத் தெருவின் கிராமச் சுகாதாரச் செவிலியரை முன்பே பழகித் தெரிந்திருந்த வீடுகளில், அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசியதும் வதந்தி நின்றது.

செயலிகள் இன்னும் புத்திசாலிகள் ஆகிவிட்டனவே என்று கேட்கலாம். நோய்க்குறியைச் சொன்னால் நோயைச் சொல்லும் 23 இணையக் கருவிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. சரியான நோயை முதல் இடத்தில் சொன்னது 34 சதவீதம்தான். இப்போதைய உரையாடல் இயந்திரங்கள் அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் 2025இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான சம்பவத்தைப் பாருங்கள். அறுபது வயதுக்காரர் ஒருவர் சமையல் உப்பைக் குறைக்க நினைத்து, சாட்ஜிபிடியிடம் கேட்டுவிட்டு, மூன்று மாதம் சோடியம் புரோமைடைச் சாப்பாட்டில் போட்டுக்கொண்டு, மனம் பேதலித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். உப்பைக் குறை என்று சொல்ல நமக்கு டாக்டரே வேண்டாம். உப்புக்குப் பதில் வேறொன்றைப் போடாதே என்று சொல்லத்தான் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

மண்டைக்காடு பகுதிக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. இணையம் அதில் வேறு மாதிரித் தோற்கிறது. பக்கத்து மணவாளக்குறிச்சியின் கடல் மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம். மத்திய அரசின் அருமணல் ஆலை பல பத்தாண்டுகளாக அங்கே நடக்கிறது. இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதலான கரை. மணலால் புற்றுநோய் வருமா என்று இந்தக் கரையில் கேட்காத வீடு கிடையாது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் தாழ்வாரத்தில் நம் ஊர்க்காரர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அப்படிக் கேட்பது நியாயம். போனில் தேடினால் ஒரு வீடியோ கடற்கரை முழுக்கச் சாவதாகச் சொல்லும். அடுத்தது கதிர்வீச்சு உடம்புக்கு நல்லது என்று அடித்துச் சொல்லும். இரண்டுக்கும் லட்சக்கணக்கில் பார்வைகள். இதே போன்ற மணல் உள்ள கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளியில் அதே மையத்தார் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரி பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதற்குச் சான்று இல்லை என்று 2009இல் வெளியிட்டார்கள். இது எந்த வீடியோவிலும் முழுதாக வருவதில்லை. ஆறுதலான முடிவுதான். ஆனால் அதை அப்படியே தூக்கிக் குமரிக் கரையில் வைத்துவிடவும் முடியாது. கரை வேறு, தொழில் வேறு, மணல் அள்ளும் விதம் வேறு. இங்குள்ளவருக்குத் தேவை இந்தத் தாலுகாவின் கணக்கு, அவர் படிக்கும் தமிழில், பயமுறுத்தாமலும் மழுப்பாமலும். அப்படி ஒரு பக்கம் இணையத்தில் இருந்தால் அதற்குப் பத்தாயிரம் ரூபாய்ச் செயலியைவிட மதிப்பு அதிகம்.

குமரி மாவட்டத்தின் அசல் தொலைமருத்துவம் எந்த அரசுத் திட்டத்திலும் இல்லை. அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. அம்மாவின் லேப் ரிப்போர்ட் சாயங்காலம் கைக்கு வரும். மகள் அதைக் கட்டிலில் விரித்துப் போட்டு, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் ஒரு மூலையில் மருந்துக் குப்பியை வைத்து, படம் எடுத்துப் போடுவாள். மஸ்கட்டில் இருக்கும் மகன் பார்ப்பான். அவனுக்கு ஒன்றும் புரியாது. குவைத்திலோ லண்டனிலோ நர்ஸாக இருக்கும் அத்தை மகள் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்ததும் கேட்பாள்: "கிரியாட்டினின் போன தடவ எவ்வளவு இருந்துது? பழைய ரிப்போர்ட் இருந்தா போடுங்க. மாமிக்கு கால்ல நீர் இருக்கா, அமுக்கிப் பாத்தா குழி விழுதா?" மகள் அமுக்கிப் பார்ப்பாள். குழி விழும். "நாளைக்கே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. வலிக்கு சாப்பிடுற அந்தக் குளிகைய நிறுத்துங்க." ஊர் முழுக்க நர்சிங் படித்த பெண்கள் உள்ள மாவட்டத்தில் இது ஆச்சரியமில்லை. எந்த மென்பொருளும் கேட்காத ஒன்றை அவள் கேட்டாள்: பழைய ரிப்போர்ட். தரவு மையம் என்று எல்லோரும் எதைச் சொல்கிறார்களோ அது இங்கே பீரோவில் ஜவுளிக்கடைப் பைக்குள் இருக்கிறது. ஆபத்தும் இதில் உண்டு. அடுத்த வாரம் அதே குழுவில் நர்ஸ் அல்லாத ஒரு மாமா சிறுநீரகத்துக்கு ஏதோ கஷாயம் அனுப்புவார். அவருக்குத்தான் கைகூப்பும் படங்கள் அதிகம் விழும்.

இணைய மருந்துக் கடைகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2018 டிசம்பரில் மருந்து வணிகர் சங்கத்தின் மனுவின் பேரில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் அறிவிக்கப்படும்வரை இணைய விற்பனையை நிறுத்தச் சொன்னது. சில நாட்களிலேயே மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் தரும் தெருமுனைக் கடைக்கும் பழைய சீட்டின் படத்தை ஏற்றுக்கொள்ளும் செயலிக்கும் எனக்குப் பெரிய வேற்றுமை தெரியவில்லை. தெருமுனைக் கடைக்காரர் முகம் பார்த்து "போன வாரமும் இதத்தானே வாங்குனீங்க" என்றாவது கேட்பார்.

தரவின் கதை வேறு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் கணினிகளை யாரோ பூட்டிவிட்டார்கள். ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு. இந்தியாவின் முதன்மை ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் வரிசைகள் இரண்டு வாரம் காகிதச் சீட்டிலேயே ஓடின. பிரிட்டனில் 2017 மே மாதம் வான்னாக்ரை தாக்கியபோது 19,000க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தணிக்கையாளர்கள் வெளியிட்டார்கள். வங்கியில் பணம் போனால் திரும்பத் தரலாம். ஹெச்ஐவி, கருக்கலைப்பு, மனநல மாத்திரை போன்ற விவரம் வெளியே போனால் திரும்பி வராது. கல்யாணச் சந்தையும் காப்பீட்டுக் கம்பெனியும் அதைப் படித்துவிடும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து பதினெட்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். இதற்கிடையில் ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார அடையாள எண் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. வரிசையில் நிற்கும் வயதான அம்மாவிடம் யாரும் விருப்பத்தைக் கேட்பதில்லை. "ஓடிபி சொல்லுங்க" என்று மட்டும் கேட்கிறார்கள்.

தரவை யார் ஏற்றுகிறார் என்பதும் யோசிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் கர்ப்பிணியைப் பிக்மி என்ற அரசுத் தளத்தில் பதிய வேண்டும். 12 இலக்க எண் வரும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ்வரை அதுதான் துணை. எந்தத் தாயும் கணக்கில் விட்டுப்போகக்கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீடு தேடிப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கும் பெண் பணியாளர் அளவுகளைச் செயலியில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிச் செயலி, தனிக் கடவுச்சொல். பதிவேற்றும் வேலையே நாளைத் தின்றுவிடுகிறது என்று கிராமச் சுகாதாரச் செவிலியர் சங்கங்கள் பலமுறை போராடியிருக்கின்றன. இணையம் தந்த நன்மைகள் எல்லாம் இந்தப் பக்கம் இருக்கும் இந்தப் பெண்ணின் கையால் வந்தவை. அந்தக் கையை நோயாளியிடமிருந்து எடுத்து விசைப்பலகையில் வைக்கிறோம்.

கூகுளின் விழித்திரை இயந்திரமும் திரைக்கு இந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அரவிந்தின் படங்களையும் கொண்டு 2016இல் வெளியான ஆய்வில் அது கண் மருத்துவர்களுக்கு இணையாகச் சர்க்கரை நோயின் சேதத்தைக் கண்டுபிடித்தது. பிறகு தாய்லாந்தின் பதினொரு கிளினிக்குகளுக்குப் போனபோது ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களைத் தரமில்லை என்று தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சம் சரியில்லை, இணைப்பு மெதுவு, வரிசை நீளம். ஆய்வகத்தில் யாரும் நோயாளியைக் காத்திருக்க வைக்கவில்லையே.

என் வாதத்துக்கு அடங்காத ஓர் இடமும் உண்டு. மனநோய். பக்கத்தில் ஆள் இல்லாமல் இருப்பதே அங்கே நன்மை. எந்த டாக்டரின் வரிசையில் நின்றாய் என்பது சாயங்காலத்துக்குள் கோயில் தெருவுக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் தெரிந்துவிடும் ஊர்களில், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை யாருக்கும் தெரியாமல் அழைக்க முடிவது பெரிய விஷயம். 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம். முகம் காட்டாமல் பேசினால்தான் பலருக்கு வாய் திறக்கிறது.

கடைசியாகக் கடல். தொலைமருத்துவத்தின் பழைய வரலாறு கப்பல்களில்தான் இருக்கிறது. 1935இல் ரோமில் சர்வதேச வானொலி மருத்துவ மையம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் மார்க்கோனி. நடுக்கடலில் நோயுற்ற மாலுமிக்கு, எந்த நாட்டுக் கப்பல் ஆனாலும், காசு வாங்காமல் வானொலியில் ஆலோசனை சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். தொண்ணூறு வருடம் கழித்து, மண்டைக்காடு புதூரிலிருந்து வள்ளத்தில் போகிறவருக்குக் கரையிலிருந்து சற்றுத் தள்ளியதும் போன் சிக்னல் போய்விடுகிறது. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் லட்சத்தீவையும் தாண்டி வாரக்கணக்கில் தங்குகின்றன. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது முன்னமே போய்விட்டவர்களுக்குப் புயல் செய்தியே எட்டவில்லை. அதன்பிறகு செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவிகள் படகுகளுக்குக் கொடுக்கப்பட்டன. கடலோரக் காவல்படையின் 1554 இருக்கிறது. நோயாளியைத் தூக்கி வர அவர்கள் கப்பல் அனுப்பியதும் உண்டு. எல்லாம் மீட்புக்கான ஏற்பாடுகள். நெஞ்சுவலி வந்தவருக்கு முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்வது என்று சொல்ல யாரும் இல்லை. கரையில் 2023 முதல் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மாரடைப்பு என்று தெரிந்ததும் பதினான்கு மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இதயம் காப்போம் திட்டம் என்று பெயர். அந்தப் பதினான்கு மாத்திரையை ஒரு டப்பாவில் போட்டு ஒவ்வொரு தங்குகடல் படகிலும் வைப்பதற்கும், படகுக்கு ஒருவரை ஆசாரிப்பள்ளத்தில் சில நாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கும், இப்போதே படகில் இருக்கும் செய்திக் கருவிக்கு மறுமுனையில் ஒரு டாக்டரை அமர்த்துவதற்கும் ஆகும் செலவு, ஒரு தொலைமருத்துவ மையத் திறப்பு விழாவின் பந்தல் செலவைவிட அதிகம் இருக்காது.